பதினொன்றைத் தைக்காத கடை

1. முதல் ஓடர்

கல்முனை பஸாரில் கடை திறந்த அன்று நான் எதிர்பார்த்தது பள்ளிக்கூடச் சட்டையும் மாப்பிள்ளைக் கால்சட்டையும்தான். வந்து நின்றவர் அந்தோனி சேர். பாடசாலையில் கணக்குப் படிப்பித்தவர். பின்னேரங்களில் பள்ளிவாசலுக்குப் பக்கத்து வளவில் இருந்த சீமெந்துத் தரையில் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கினார். உதைபந்தையும் கிரிக்கெட்டையும் தவிர வேறு பந்து தெரியாத ஊருக்கு அந்த விளையாட்டைக் காட்டிக் கொடுத்தவர் அவர்தான். கழகம் என்று ஒன்றைத் தொடங்கியவரும் அவரே.

"ஹனிபா, பன்னிரண்டு ஜேர்சி வேணும். நாலில இருந்து பதினைஞ்சு வரைக்கும் நம்பர்."

"ஒண்டு, ரெண்டு, மூண்டு எங்க சேர்? அதெல்லாம் ஆருக்கு?"

"அது ரெஃப்ரிட விரலுக்கு" என்று சிரித்தார். புள்ளி ஒன்றா, இரண்டா, மூன்றா என்று ரெஃப்ரி விரலால் காட்டுவாராம். அதோடு குழம்பக் கூடாது என்பதற்காக அந்தக் காலத்தில் சட்டை நம்பர் நாலில்தான் தொடங்கும். நாலாம் நம்பர் பெரும்பாலும் கப்டனுக்கு. எனக்கு அன்றுதான் அது தெரியும்.

இப்போது போலக் கம்பியூட்டரில் படம் அடித்து இயந்திரத்தில் சூடு வைத்து ஒட்டுகிற வேலை அப்போது இல்லை. வெள்ளைத் துணியில் நம்பரை வெட்டி, சட்டை முதுகில் குண்டூசி குத்தி, ஓரம் முழுக்க மெசினில் ஓட்ட வேண்டும். எட்டாம் நம்பர் உயிரை எடுக்கும். சுற்றி வளைந்து வரவேண்டும், உள்ளே இரண்டு ஓட்டை வேறு. துணி சுருங்கினால் எட்டு, அழுகிற பிள்ளையின் வாய் போல ஆகிவிடும். பதினொன்று என்றால் எனக்குப் பெருநாள். இரண்டு நேர்ப் பட்டி, நாலு ஓட்டம், முடிந்தது.

அந்தப் பதினொன்றைக் கேட்டு வாங்கியவன் இம்தியாஸ். பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லுகிற மோதினாரின் மகன். அளவெடுக்கக் கையைத் தூக்கச் சொன்னேன். என் டேப் தோளிலிருந்து விரல் நுனிக்குப் போய்ச் சேர நேரம் எடுத்தது.

"என்ன மகன் இது, கையா கமுக மரமா? உன்ட வாப்பா மினாராவுக்கு ஏற ஏணி தேடுறாரு. நீ நிலத்தில நிண்டே லைட்டு மாத்துவாய் போல."

பின்னால் நின்று சிரித்தவன் ரொபின். அந்தோனி சேரின் மகன், அவனும் அதே உயரம், அதே ஒல்லி. நாலாம் நம்பர் அவனுக்கு. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் அதுவே பதினொன்று என்று பொடியன்கள் கேலி செய்வார்கள். ஒரு சைக்கிளில் வந்து ஒரு பிளேன்டீயைப் பங்கு போட்டுக் குடித்துவிட்டுப் போவார்கள்.

2. பாங்கும் பந்தும்

அந்தக் கோர்ட்டில் ஒரு வழக்கம் இருந்தது. வேறு எந்த ஊர்க் கோர்ட்டிலும் நான் அதைக் கண்டதில்லை.

பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லத் தொடங்கினால் பந்து நிற்கும். விசில் கிடையாது, யாரும் கையைக் காட்டுவதும் கிடையாது. பந்து யாருடைய கையில் இருக்கிறதோ அவர் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பார். மற்றவர்கள் நின்ற இடத்தில் நிற்பார்கள். பாங்கு முடிந்ததும் அதே இடத்திலிருந்து ஆட்டம் தொடரும். தொழப் போகிறவர்கள் போவார்கள், போகாதவர்கள் ஆடுவார்கள்.

இதைத் தொடங்கியது பள்ளிவாசல் நிர்வாகம் அல்ல, அந்தோனி சேர். "ஒருத்தர் கூப்பிடக்குள்ள நாம தடார் தடார் எண்டு தட்டிக்கொண்டு நிண்டா அது மரியாதை இல்ல" என்பார். பெரிய வெள்ளிக்கிழமை வந்தால் முஸ்லிம் பொடியன்களும் பந்தைத் தொட மாட்டார்கள். அதற்கும் யாரும் சட்டம் போடவில்லை. இரண்டும் தானாகப் பழகிப்போனவை.

இம்தியாஸ் வளர வளரக் கழகமும் வளர்ந்தது. மட்டக்களப்பில் வென்றார்கள், திருகோணமலையில் வென்றார்கள். என் கடைக்கு முன்னால் வெடி கொளுத்தி என் சட்டைத் துணியில் பொத்தல் விழுத்தியதும் உண்டு. பிறகு கொழும்பில் ஒரு பெரிய கம்பனி அவனைக் கூப்பிட்டது. வேலையும் தருவார்கள், கம்பனி அணியில் ஆடவும் வேண்டும். ஊரே சந்தோசப்பட்டது. புரியாணிச் சகன் வைத்து, ஒரே தட்டைச் சுற்றி இருந்து சாப்பிட்டுத்தான் அனுப்பினோம். பஸ்ஸில் ஏறும்போது ரொபின்தான் பேக்கைத் தூக்கிக் கொடுத்தான். கூட்டாளியை விட்டுப் பிரிகிற கவலை அவன் முகத்தில் நன்றாகத் தெரிந்தது.

சில வருடங்களில் இம்தியாஸ் நாட்டுக்காகவும் ஆடினான். பேப்பரில் படம் வந்தது. பஸாரில் தேத்தண்ணிக் கடைகள் அதை வெட்டி ஒட்டின.

3. அந்த ஒரு பாஸ்கெட்

அந்தோனி சேர் காலமான பிறகு அவர் பெயரில் கழகம் ஒரு சுற்றுப்போட்டி வைத்தது. முதல் வருடமே கம்பனி அணியை அழைத்தார்கள். இம்தியாஸ் எங்கள் ஊருக்கு எதிரணியில் வருகிறான் என்பதையே ஒரு பெருமையாக எடுத்துக்கொண்டோம். இறுதிப் போட்டியில் எங்கள் கழகமும் அவர்களும்.

பின்னேரம் மழை பெய்து தரையைத் துடைத்து உலர்த்தி ஆட்டம் பிந்திவிட்டது. நானும் கடையைப் பூட்டிவிட்டுப் போயிருந்தேன். முடிகிற நேரம். எங்கள் அணி ஒரு புள்ளி முன்னால். பந்து இம்தியாஸின் கையில், அவனை மறித்துக்கொண்டு எதிரே ரொபின்.

அப்போது பாங்கு தொடங்கியது.

ரொபின் கைகளைக் கீழே போட்டான். எங்கள் ஐந்து பேரும் நின்றார்கள். கூட்டம் அடங்கியது. கதிரையில் இருந்த பெண்கள் முக்காட்டைச் சரி செய்தார்கள். இம்தியாஸ் மட்டும் நிற்கவில்லை. நின்றுகொண்டிருந்த ரொபினைத் தாண்டி இரண்டு எட்டு வைத்துப் போய்ப் பந்தைப் போட்டுவிட்டான்.

யாரும் கை தட்டவில்லை. அவனுடைய அணிக்காரர்கள் துள்ளினார்கள், பிறகு ஊரே சிலையாக நிற்பதைக் கண்டு அவர்களும் விழித்தார்கள். இம்தியாஸ் போர்ட்டுக்குக் கீழே நின்று பள்ளிவாசல் லவுட்ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தான். அதில் கேட்டுக்கொண்டிருந்தது அவனுடைய வாப்பாவின் குரல். அவர் கடைசி வரை நிதானமாகச் சொல்லி முடித்தார்.

ரெஃப்ரி வெளியூர்க்காரர். நான் விசில் ஊதவில்லை, ஊதாதவரை ஆட்டம் ஆட்டம்தான் என்றார். சட்டப்படி அது சரி. கழகம் முறைப்பாடு செய்தது, எடுபடவில்லை. அந்தோனி சேர் பெயரிலான முதல் கிண்ணம் கொழும்புக்குப் போனது.

யாரோ ஓடிப்போய் மோதினாரிடம் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் மகன் உங்கள் பாங்கை மதிக்கவில்லை என்று. அவர் சொன்னாராம்: "அவன்ட காதுக்குப் போகல்லயெண்டா என்ட குரல்லதான் குறை." கோள் கொண்டுபோனவர்தான் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்தார்.

4. பதினாறு

அடுத்த பருவத்துக்கு ஜேர்சி ஓடர் கொடுக்க ரொபின் வந்தான். அப்போது அவன்தான் கழகத்தின் கப்டன். ஊர்ப் பொடியன்களைப் போல அவனும் என்னைக் காக்கா என்பான், அண்ணன் என்று அர்த்தம்.

"காக்கா, இனிமே பதினொண்டு தைக்காதீங்க."

"அப்ப பன்னிரண்டாவது ஆளுக்கு?"

"பதினாறு போடுங்க."

"பதினாறா? நல்லாரிக்கி. ஆறும் வளைவு, எனக்கு இன்னொரு தலையிடி."

நான் பகிடிக்குச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "நான் வேதக்காரன் காக்கா, சேர்ச்சுக்குப் போறவன். நான் நிண்டன். அவன் மோதினார்ட மகன், அவன் ஓடினான். என்ட அப்பா வச்ச வழக்கத்த மிதிச்சிட்டு, அதுவும் அப்பாட பேரில வச்ச மெச்சில. அந்த நம்பர் எங்கட முதுகில வேணாம்" என்றான். கண் கலங்கியிருந்தது. நான் ஓடர்க் கொப்பியில் பதினொன்றை வெட்டிப் பதினாறு என்று எழுதினேன்.

அவன் இன்னொன்றும் செய்தான். அதற்குப் பிறகு எங்கள் கோர்ட்டில் எந்தப் போட்டி நடந்தாலும், தொடங்க முன்னர் மைக்கில் ஒரு அறிவித்தல் வரும். பாங்கு சொல்லும்போது மணிக்கூடு நிற்கும், அந்த நேரத்தில் போடுகிற பாஸ்கெட் செல்லாது என்று. வாயால் சொல்லாமல் இருந்த வழக்கம், இம்தியாஸ் போட்ட ஒரு பாஸ்கெட்டால் சட்டமானது. அவன் ஊருக்குச் செய்த நன்மையா தீமையா என்று கேட்டால், இன்றைக்கும் எனக்கு ஒரே பதில் வராது.

ஊரும் இரண்டு மனமாகத்தான் இருந்தது. தேத்தண்ணிக் கடையில் அவன் படம் தொங்கும். அந்தப் படத்துக்குக் கீழே இருந்துகொண்டே அவனை ஏசுவார்கள். ஏசி முடிந்ததும் "என்ன இருந்தாலும் அவன்ட கை வேற யாருக்கு வரும்" என்பார்கள். அவன் கொழும்பிலிருந்து கழகத்துக்குப் புதுப் பந்துகள் அனுப்பினான். ரொபின் அவற்றைக் கட்டுப் பிரிக்காமல் ஸ்டோரில் போட்டான். சின்னப் பிள்ளைகள் ஜன்னலால் புகுந்து எடுத்துக் காற்றடித்து ஆடினார்கள். ரொபின் கண்டும் காணாதவன் போல விட்டுவிட்டான்.

வருடங்கள் போயின. ஒவ்வொரு பருவத்துக்கும் நான் பத்துக்குப் பிறகு பன்னிரண்டுக்குப் பாய்ந்தேன். எனக்குப் பிடித்த நம்பரை வேறு ஊர்ச் சட்டையில் மட்டும் தைத்தேன்.

5. கோபம் மரியாதையான கதை

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். மூடாத அந்த வாய் சில நேரம் நல்லதும் செய்யும்.

புதிதாக வந்த பொடியன்களுக்கு அந்த இறுதிப் போட்டி தெரியாது. கழகத்தில் பதினொன்று கிடையாது என்பது மட்டும் தெரியும். வெளிநாட்டுப் பெரிய அணிகள் தங்கள் நட்சத்திரத்தின் நம்பரை வேறு யாருக்கும் கொடுக்காமல் மண்டபத்தில் தொங்கவிடுவதை அவர்கள் போனில் பார்த்திருக்கிறார்கள். ஆகவே எங்கள் கழகமும் இம்தியாஸுக்கு அந்த மரியாதையைத்தான் செய்கிறது என்று தாங்களே முடிவு கட்டிவிட்டார்கள். அந்தக் கதையை ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லி அது உண்மையாகவே ஆகிவிட்டது.

போன வருடம் கோர்ட்டுக்குக் கூரை போட்டார்கள். திறப்பு விழாவுக்கு ஒரு போட்டி. இப்போதைய கப்டன் சஜாத் எனக்கு வட்ஸ்அப்பில் ஓடர் அனுப்பினான். ஒரு பெரிய ஜேர்சி, முதுகில் பதினொன்று, மேலே இம்தியாஸ் என்ற பெயர். சுவரில் தொங்கவிட. அவரையும் விழாவுக்கு அழைத்திருக்கிறார்களாம்.

நான் உடனே போன் எடுத்தேன். "கழகத் தலைவர் ரொபினுக்குத் தெரியுமா மகன்?"

"இல்ல காக்கா, அவருக்கு சப்ரைஸ்! அவருக்குத்தானே கூடச் சந்தோசம். ரெண்டு பேரும் அந்தக் காலத்து கூட்டாளிமாராம்."

சரி என்று போனை வைத்தேன். அந்தக் கோபத்துக்குச் சொந்தக்காரர்கள் இரண்டு பேர், அவர்கள் உயிரோடு இருக்கும்போது நான் எதற்கு அதைப் பரப்ப வேண்டும்? வந்த ஓடரைத் தைப்பதுதான் டெய்லரின் வேலை. இந்த ஒன்றை இயந்திரத்தில் அடிக்கக் கொடுக்கவும் மனம் வரவில்லை. வெள்ளைத் துணி எடுத்து, பழைய மாதிரியே வெட்டி, கையால் பிடித்து ஓட்டினேன். இரண்டு நேர்ப் பட்டி. நாலு ஓட்டம். எனக்கு அழுகை வந்தது. அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

6. கடையில் இரண்டு பேர்

விழாவுக்கு முதல் நாள் ஒரு நெட்டை மனிதர் தலையைக் குனிந்து என் கடைப் படியேறினார். தாடி பாதி வெள்ளை. ஒரு காலைச் சற்று இழுத்து வைத்தார். கையைக் கண்டதும் எனக்கு ஆள் தெரிந்துவிட்டது.

"அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா. அந்தப் பதினொண்ட ஒருக்காக் காட்டுங்க."

காட்டினேன். இம்தியாஸ் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு மடித்து வைத்தான்.

"இதச் செவுத்துல தொங்கப் போட ஏலாது காக்கா. பொடியன்மாருக்கு விசயம் தெரியா. எனக்குத் தெரியும்."

தேத்தண்ணி எடுப்பித்தேன். கொழும்பு வேலையை விட்டுவிட்டு ஊரோடு இருக்க வந்திருக்கிறானாம். வாப்பாவுக்கு இப்போது பாங்கு சொல்ல இயலாது, காதும் மந்தம். மிச்சமிருக்கிற காலத்தில் இந்தப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பழக்க வேண்டும் என்பதுதான் அவனுடைய ஆசை. கழகத்துக்கும் நல்ல கோச் இல்லை. ஆனால் கோச்சாக யாரை எடுப்பது என்பது ரொபினின் வாயில் இருந்தது.

"வாப்பா அதப் பத்தி ஒரு சொல் கேக்கல்ல. கேட்டு ஏசியிருந்தா நல்லாரிந்திரிக்கும்" என்றான்.

அந்த நேரம் பார்த்து, அணிக்கான ஜேர்சிக் கட்டை எடுக்க ரொபின் வந்து நின்றான். என் கடை மூன்று பேர் நின்றால் நிறைந்துவிடுகிற கடை. ஒருவர் நகர்ந்தால்தான் மற்றவர் வெளியே போகலாம். இரண்டு பேரும் நகரவில்லை.

"வந்தாச்சா?" என்றான் ரொபின்.

"ஓம்."

மேசையில் கிடந்த பதினொன்றை ரொபின் கண்டான். விரித்தான். பெயரை வாசித்தான். என்னைத்தான் முதலில் பார்த்தான். "காக்கா, நீங்களுமா?"

"உன்ட கழகம் தந்த ஓடர். நான் நோட்டீஸ் போர்டா, எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிய?" என்று நானும் சுடச் சுடச் சொன்னேன். பயத்தில்தான் எனக்குக் கோபம் வரும்.

ரொபின் இம்தியாஸிடம் திரும்பினான். "ஒண்டு மட்டும் சொல்லு. அண்டைக்கு உனக்குப் பாங்கு கேட்டதா இல்லயா?"

"கேட்டது."

"கேட்டும் ஓடினாயா?"

"காதுக்குக் கேட்டது. காலுக்குக் கேக்கல்ல மச்சான். அங்க போய் விசிலுக்கு மட்டும் நிக்கப் பழகிட்டன். நீ கையக் கீழ போட்டாய், வழி திறந்திச்சு, கால் போயிட்டு. பந்து வலைக்குள்ளால விழுந்தாப் புறகுதான் அது வாப்பாட குரல் எண்டு எனக்கு ஏறினது. அந்தக் கிண்ணத்த நான் ஒரு நாளும் கையால தொடல்ல."

"இத ஒரு நாளும் வந்து சொல்லல்லயே நீ."

"நீ ஒரு நாளும் கேக்கல்லயே."

ரொபின் ஜேர்சிக் கட்டைத் தூக்கிக்கொண்டான். பதினொன்றைக் காட்டி, "அதக் கட்டாதீங்க காக்கா. அது இஞ்சயே கிடக்கட்டும்" என்றான். படியிறங்கும்போது, "பொடியன்மார்ட்ட நான் கதைக்கிறன். தொங்கப் போடுற வேலை நாளைக்கு இல்ல" என்று மட்டும் சொன்னான்.

இம்தியாஸ் ஆறிய தேத்தண்ணியைக் குடித்து முடித்தான். "சரி காக்கா. நாளைக்குக் கோர்ட்டுக்கு வாறன். கதிரை தராட்டி நிண்டு பார்ப்பன்" என்றான்.

7. விழாப் போட்டி

எதிரணி மலைநாட்டிலிருந்து வரவேண்டியது. இறக்காமத்துப் பக்கம் யானை ரோட்டில் நின்றதால் அவர்களுடைய பஸ் பிந்திவிட்டது. பேச்சுகளும் அறிவித்தல்களும் எல்லாம் முடிந்த பிறகுதான் வந்து இறங்கினார்கள். சப்பாத்துக் கயிற்றைக் கட்டிய கையோடு ஆட்டம் தொடங்கியது. மணிக்கூடு நிற்கும் என்ற அறிவித்தல் அவர்களுடைய காதில் விழவில்லை. அதைத் திரும்பச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் நினைவில்லை, ரொபினுக்கும்தான்.

இம்தியாஸ் கூட்டத்துக்குப் பின்னால் தூணோடு நின்றான். சஜாத் கதிரை கொண்டுபோனான், அவன் இருக்கவில்லை. நான் முன் வரிசையில், மடியில் பேக்கோடு. பேக்குக்குள் பதினொன்று. கடையில் கிடக்கட்டும் என்றுதான் ரொபின் சொன்னான். நான் சொல் கேட்கிற வயதைத் தாண்டியவன்.

விறுவிறுப்பான ஆட்டம். கடைசிப் பகுதியில் எங்கள் பொடியன்கள் ஒரு புள்ளி முன்னால். பந்து எதிரணியின் ஒல்லிப் பையன் ஒருவனிடம். பாங்கு தொடங்கியது.

எங்கள் பிள்ளைகள் நின்றார்கள். அந்தப் பையனுக்கு எதிரே இருந்த சஜாத் கையைக் கீழே போட்டான். பையன் வழி திறந்ததைக் கண்டான், பாய்ந்தான், போட்டுவிட்டான்.

அன்று பார்த்த அதே காட்சி. கூரை மட்டும்தான் புதிது. பையன் துள்ளப் பார்த்தான். ஒருவரும் அசையாததைக் கண்டு கையை இறக்கினான். பந்து காலடியில் உருள, போர்ட்டுக்குக் கீழே தனியாக நின்று நாலு பக்கமும் பார்த்தான். என்ன பிழை செய்தோம் என்றே அவனுக்குத் தெரியவில்லை.

பாங்கு முடிந்தது. கூட்டம் வெடித்தது. "செல்லாது! செல்லாது!" என்று கத்தினார்கள். ரெஃப்ரியும் பேச்சுகளுக்குப் பிந்தி வந்தவர்தான். மேசைக்கு வந்து தலைவர் ரொபினிடம் கேட்டார். "உங்கட கோர்ட்டில ஒரு விதி இரிக்காமே. இதுக்கு என்ன செய்ற?"

ரொபின் பார்த்துக்கொண்டிருந்தது கோர்ட்டை. தூணிலிருந்து விலகிய இம்தியாஸ் காலை இழுத்து இழுத்து நடந்து போனான். அந்தப் பையனின் தோளில் கையைப் போட்டான்.

"பயப்படாத தம்பி. நீ ஒண்டும் பிழை செய்யல்ல. இந்த இடத்தில நானும் இப்படி நிண்டிரிக்கிறன்" என்றான். முன் வரிசையில் இருந்த எனக்கு அது கேட்டது. மேசையில் இருந்த ரொபினுக்கும் கேட்டிருக்கும்.

ரொபின் எழும்பி மைக்கை எடுத்தான்.

"பாஸ்கெட்ட எண்ணுங்க."

கூட்டம் முணுமுணுத்தது. "எண்ணுங்க எண்டு சொல்றன். அந்தத் தம்பிக்கு நாங்க சொல்லல்ல. சொல்லாதது எங்கட பிழை. ஒருத்தன் தெரியாமப் போட்ட பாஸ்கெட்டுக்கு" என்று நிறுத்தினான். கோர்ட்டில் நின்ற இருவரையும் பார்த்தான். "ஒருத்தன் தெரியாமப் போட்ட பாஸ்கெட்டுக்கு எத்தின வருசம் கோவிச்சிக்கொண்டு இரிக்கிற?"

பொடியன்களுக்கு அதன் பாதிதான் விளங்கியிருக்கும். பழைய ஆட்கள் எல்லோருக்கும் முழுதாக விளங்கியது. என் பக்கத்தில் இருந்த மீன் வியாபாரி மூக்கைச் சிந்தினார். அவர் அந்த இறுதிப் போட்டியில் இம்தியாஸுக்குச் செருப்பு எறிந்தவர்.

அந்தப் பாஸ்கெட்டால் ஒரு புள்ளியில் நாங்கள் தோற்றோம். திறப்பு விழாவிலேயே தோல்வி. ஆனால் அன்று கோர்ட்டை விட்டு ஒருவரும் கோபத்தோடு வீட்டுக்குப் போகவில்லை.

கூட்டம் கலையும்போது ரொபின் நேரே என்னிடம் வந்தான். "காக்கா, அந்தப் பதினொண்டு எங்க?"

பேக்கைத் தட்டிக் காட்டினேன். "நான் கடையில வைக்கச் சொன்னனே" என்றான். சிரிக்கிறானா முறைக்கிறானா என்று தெரியவில்லை.

"அதில உள்ள பேரப் பிரிச்செடுங்க. நம்பர் கிடக்கட்டும். சஜாத்துக்கு அளவு பார்த்துத் தைங்க. செவுத்துல தொங்கினா தூசிதான் பிடிக்கும்."

பிறகு இம்தியாஸின் பக்கம் திரும்பாமலே சொன்னான்: "நாளைக்குப் பின்னேரம் பிராக்டிஸ். கோச் பிந்தி வந்தா பொடியன்மார் கெட்டுப் போவானுகள்."

"பிந்த மாட்டன்" என்றான் இம்தியாஸ்.

8. பிரித்தெடுத்தல்

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் இதை எழுதக் காரணம் அந்த மறுநாள் வேலைதான்.

தைத்ததை எடுக்க இரண்டு வழி உண்டு. அவசரக்காரன் கத்தரியை வைத்து வெட்டுவான். எழுத்தோடு சட்டைத் துணியும் போகும். மற்றது, முள் ஊசியால் ஒவ்வொரு தையலாகத் தூக்கிப் பிரிப்பது. கண் வலிக்கும், முதுகு வலிக்கும், வாடிக்கையாளர் வாசலில் நின்று அவசரப்படுத்துவார். ஆனால் துணி முழுதாக மிஞ்சும். இம்தியாஸின் பெயரை நான் அப்படித்தான் எடுத்தேன்.

பிரித்த இடத்தில் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரியும். சஜாத் அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தான். "போட்டு ஆடு, வேர்க்கட்டும், நாலு தரம் கழுவு, துணி தானா மூடிக்கொள்ளும்" என்றேன். மூடிக்கொண்டது. ஆனாலும் இடம் தெரிந்த கை தடவினால் துளைகளைக் கண்டுபிடித்துவிடும். அதனால் சட்டைக்கு ஒரு குறையும் இல்லை.

ஒரு நம்பரைத் தைக்காதே என்றால் தைக்காமல் விடலாம், எனக்கென்ன என்று அன்று இருந்தேன். இப்போது அப்படி ஓடர் வந்தால் தேத்தண்ணி எடுப்பித்து ஏன் என்று கேட்கிறேன். நேரம் போகிறது, சிலர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்கும் போகிறார்கள். பரவாயில்லை.

பின்னேரத்தில் கடை வாசலில் நின்றால் பிராக்டிஸ் முடிந்து இருவரும் நடந்து வருவது தெரியும். ஒருவர் காலை இழுத்துக்கொண்டு, மற்றவர் மூச்சு வாங்கிக்கொண்டு, எந்தப் பையனை எங்கே ஆட விடுவது என்று பெரிய சண்டை. முன்பு பக்கத்தில் நின்றால் பதினொன்று. இப்போது இரண்டு பேருக்கும் வயிறு வைத்து எண்பத்தெட்டு ஆகிவிட்டார்கள். எட்டு எப்போதும் எனக்குச் சிரமமான நம்பர். ஆனால் வளைந்து வளைந்து இத்தனை ஓட்டம் ஓடித் தைப்பதாலோ என்னவோ, இந்தக் கடையில் தைத்த எட்டு ஒன்று கழன்று வந்ததாக இன்றுவரை யாரும் முறைப்பாடு கொண்டு வந்ததில்லை.